ஆகஸ்டில் மணத்த கொடி

மக்வாலாவுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று எங்கள் ஊரில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர், அவள் வீடு கண்ணெதிரே மண்ணாகிக்கொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே நின்று சிலுவை போட்டுக்கொண்டவர்கள். நான் குகுலி, அவளுடைய எதிர்வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் நெஞ்சில் ஈரம் இருந்ததும் எனக்குத் தெரியும், அதை வற்ற வைத்தது யார் என்பதும் தெரியும். கண்டவர்கள் கண்டபடி சொல்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதிலிருந்தே அவள் கோபம் வேறு மாதிரி. கடலைப் பார்த்த எங்கள் குரியா மலைச்சரிவில் பிறந்தவர்களுக்குக் கோபம் வந்தால் நாக்கு முன்னால் ஓடும், புத்தி மூச்சிரைக்கப் பின்னால் வரும். மக்வாலாவோ கோபம் வந்தால் அமைதியாகிவிடுவாள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பன்றி அவள் அம்மாவின் பீன்ஸ் பாத்தியை நாசம் பண்ணிவிட்டது. நானாக இருந்தால் கட்டையால் அடித்து விரட்டியிருப்பேன். அவள் அடிக்கவில்லை. கோடை முழுக்க அந்தப் பன்றிக்குச் சோளம் போட்டுப் பழக்கினாள். கிறிஸ்துமஸுக்கு வெட்டலாம் என்று வளர்த்தவன் கூப்பிட்டால் பன்றி திரும்பியும் பார்க்கவில்லை. மக்வாலா கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. கடைசியில் அவன் அவள் வீட்டு வாசலில் வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று. ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் அம்பாகோ ஒரு சாது. குரியாக்காரன் என்று சத்தியம் பண்ணினால்கூட நம்ப முடியாத அளவுக்கு நிதானமாகப் பேசுவான். அவனுக்கு இரண்டே பைத்தியம்: ஒன்று மக்வாலா, இன்னொன்று அவன் நட்ட அதேசா திராட்சை. வீட்டை ஒட்டி நின்ற சீமைப்பனிச்சை மரத்தின் மேல் அந்தக் கொடியை ஏற்றி விட்டிருந்தான். நாங்கள் இங்கே திராட்சையைப் பந்தலில் படுக்க வைப்பதில்லை, மரத்தில் ஏற்றி விடுவோம். நவம்பரில் அடி கூம்பிய கூர்க்கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு உச்சிக்கு ஏறிக் கறுப்புக் குலைகளைப் பறித்து, கயிற்றில் இறக்குவோம். அப்படி ஏறிய ஒரு நவம்பரில்தான் கிளை முறிந்து அம்பாகோ விழுந்தான். கூடையும் அவனும் ஒன்றாக விழுந்தார்கள். அங்கேயே உயிர் போய்விட்டது.

புருஷன் போன மறு வருஷம் மக்வாலா இத்தாலிக்குப் போனாள். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான், கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டும் கிழவர்களுக்குச் சூப் ஊட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். வீட்டுச் சாவியைப் புருஷனின் அண்ணன் மூர்மான் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மூர்மானுக்குப் பக்கத்து மனை. ரோடு போடும் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஹேசல் கொட்டைத் தோட்டம், ஆள் உயர வாசல் கேட், விருந்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று அழும் திறமை, எல்லாம் உண்டு.

சில வருஷங்களில் மக்வாலா வீட்டை ஒரு கொடி மூட ஆரம்பித்தது. எங்கள் வீடுகள் கல் கால்களின் மேல் நிற்கும் மர வீடுகள். அடியில் கோழி மேயும், ஆள் குனிந்து போகலாம். முதலில் அந்த அடிப்பகுதி மறைந்தது. அப்புறம் தாழ்வாரம், அப்புறம் சன்னல், அப்புறம் கூரை. மரமும் வீடும் ஒரே பச்சைக் குன்றாகிவிட்டன. உள்ளே பாம்பு, முள், குளவி. யாரும் கிட்டப் போகவில்லை. அம்பாகோவின் அதேசாதான் கவனிப்பாரில்லாமல் காடாகிவிட்டது என்று மூர்மான் சொன்னான். ஊர் நம்பியது. நம்பாமல் எப்படி? ஆகஸ்ட் கடைசியில் மாதா திருநாள் வரும்போது அந்தக் குன்றிலிருந்து திராட்சை வாசனை தெரு முழுக்க வீசும். பழுத்த அதேசாவின் அதே தித்திப்பு வாசனை. மரத்திலிருந்து விழுந்து செத்தவனின் ஆத்மா திருநாளுக்கு வந்திருக்கிறது என்று பெண்கள் சொல்ல, ஆண்கள் தொப்பியைக் கழற்ற, எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் நாட்டில் ஒருவன் அப்பனை இன்னொருவன் திட்டினால்கூட மறுநாள் சமாதானமாகலாம். அவன் திராட்சைக் கொடியில் வெட்டுக்கத்தி வைத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அதிலும் செத்தவன் கொடி. யார் தொடுவார்கள்?

நான் போனில் மக்வாலாவிடம் சொல்லத்தான் செய்தேன். "கொடி கூரைக்கு மேல போயிடுச்சுடி, ஆள் வச்சு வெட்டட்டுமா?" என்றேன். அவள் அந்தப் பக்கம் அழுதாள். "வேணாம்டி. அவர் வச்சது. மூர்மான் அத்தானும் அதைத்தான் சொல்றாரு. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த அத்தனைக்கும் இதுதான் காரணம்.

அவள் பார்த்துக்கொண்ட இத்தாலியக் கிழவி இறந்த பிறகு, சரியாக ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்தாள். வேனிலிருந்து இறங்கியவள் என்னைக் கட்டிப்பிடிக்கக்கூட இல்லை. மூக்கை உயர்த்தி நின்றாள்.

"என்ன வாசனைடி இது?"

"அம்பாகோ கொடிதான். வருஷா வருஷம் மாதா திருநாளுக்கு இப்படித்தான் மணக்கும். அவரோட ஆத்மான்னு ஊரே சொல்லுது."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "நம்ம அதேசா எப்ப பழுக்கும்?"

"நவம்பர்ல."

"இது என்ன மாசம்?"

"ஆகஸ்டு."

"பழுக்காத திராட்சை எப்படிடி மணக்கும்?"

ஒரு ஊரே அத்தனை வருஷமாக மூக்கை வைத்துக்கொண்டு இதை யோசிக்கவில்லை.

அதற்குள் மூர்மான் ஓடி வந்தான். அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினான். "கத்தியை எடுத்துட்டுப் போவேன்மா. கை வராது. என் தம்பி கழுத்துல வைக்கிற மாதிரி இருக்கும். பாரு, வீடே போச்சு. இனிமே இங்க என்ன இருக்கு உனக்கு? மனையை நான் பாத்துக்கறேன்." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆனால் ஓநாய்கூட இத்தனை கண்ணீர் விட்டிருக்காது.

மக்வாலா அவன் தோளில் தட்டிக் கொடுத்தாள். வேலியில் தொங்கிய ஓர் இலையைப் பறித்துக் கையில் மடித்துக்கொண்டாள்.

என் சமையலறைக்கு வந்ததும் அந்த இலையை மேஜையில் வைத்தாள். என் பாத்தியிலிருந்து ஒரு பீன்ஸ் இலையைக் கிள்ளி வந்து பக்கத்தில் வைத்தாள். வாசலில் என்னுடைய அதேசா இலை ஒன்றையும் பறித்து வைத்தாள்.

"பாரு. திராட்சை ஒத்தை இலை, விரிச்ச கை மாதிரி. இது மூணு மூணா வருது, பீன்ஸ் மாதிரி. தண்டைத் தொட்டுப் பாரு, பழுப்பு மயிர். திராட்சை எதையாவது புடிச்சு ஏறணும்னா சுருள் கம்பி விடும். இது கம்பியே விடாது, உடம்பையே சுத்தி இறுக்கும். பூவைப் பாரு, ஊதா. காய் வந்தா அதுவும் மயிரோட தட்டைக் காய்தான். ஆயுசு முழுக்க பீன்ஸ் உரிச்சவளுங்க, உங்கள்ல ஒருத்திக்குக்கூடவா இந்த இலை தெரியல?"

"யாருடி கிட்டப் போயிப் பாத்தா? வாசனை வந்துச்சு, வாயைப் பொத்திக்கிட்டோம்."

"பூதான் திராட்சை மாதிரி மணக்கும். பழம் ஒண்ணும் கிடையாது. இத்தாலியில ஏரிக்கரை வீட்டுல, அந்தக் கிழவியோட படகுக் கொட்டகையை இதே கொடிதான் தின்னுச்சு. குட்ஸுன்னு ஏதோ ஜப்பான் பேர் சொல்வாங்க. வெட்டினா சாகாது. மண்ணுல ஒரு கணு பட்டாப் போதும், அங்க வேர் புடிச்சிரும். நகராட்சி ஆளுங்க வருஷா வருஷம் வந்து கிழங்கைத் தோண்டுவாங்க, நான் காபி போட்டுக் குடுப்பேன்."

"பறவை கொண்டாந்து போட்டிருக்குமோ?"

"இருக்கலாம்" என்றாள். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. எனக்கு அந்தப் பன்றி ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் என் வெட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டு அந்தப் பச்சைக் குன்றுக்குள் புகுந்தாள். மதியம் வெளியே வந்தபோது முகமெல்லாம் கீறல், முடியில் சிலந்தி வலை. கையில் மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு காய்ந்த கட்டை. பட்டை உரிந்து, எலும்பு மாதிரி வெளுத்திருந்தது.

"இதுதான் அம்பாகோவோட அதேசா. செத்து ரொம்ப நாளாச்சு. மரமும் செத்துப் போச்சு. மூச்சு விட வழியில்லாம மூடியிருக்கு." என் படிக்கட்டில் உட்கார்ந்து அந்தக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள். "கிழங்கு எங்க இருக்கு தெரியுமா? வீட்டோட நாலு மூலைக் காலுக்கும் கீழ, மூலைக்கு ஒண்ணு. தொடை பருமன். பறவை எச்சம் போட்டா அளந்தாடி போடும்?"

கடலோர மலைப்பாதைகளில் மண் சரியாமல் இருக்க ஏதோ வெளிநாட்டுக் கொடியை நடுகிறோம் என்று மூர்மான் வேலையில் இருந்தபோது பெருமையடித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. மூர்மான் தோட்டத்தில் விருந்தினர் தங்க மாடி வீடு கட்டியிருந்தான். அந்த மாடிக்கும் கடலுக்கும் நடுவில் நின்றது தம்பி வீடு ஒன்றுதான். இடிந்த வீடு, ஆளில்லாத மனை, என் மனையோடு சேர்த்துக் கொடுங்கள் என்று வசந்தத்திலேயே ஊராட்சியில் கேட்டிருந்தான். அடுத்த கோடையில் வந்து பார்ப்பதாக அவர்களும் சொல்லியிருந்தார்கள்.

"வாடி, இப்பவே தெருவுல நின்னு கத்துவோம்" என்றேன்.

"கத்தினா? பறவைன்னு சொல்லுவான். நின்னு அழுவான். அவனோட சேர்ந்து நீங்கல்லாம் அழுவீங்க." கட்டையைக் கீழே வைத்தாள். "வீட்டைத் தின்னான், சரி. கொடியைக் கொன்னான். அதுக்கும் மேல, வெட்டாதேன்னு என் வாயாலயே சொல்ல வச்சான் குகுலி. என் புருஷன் பேரைச் சொல்லி, என் வாயால. நான்தான் நட்டேன்னு அவன் வாயால சொல்ல வைக்கலேன்னா நான் மக்வாலா இல்ல."

மாதா திருநாள் விருந்து மூர்மான் முற்றத்தில் நடந்தது. விருந்துத் தலைவர் கார்லோ. எங்கள் ஊரில் எந்த மேஜையாக இருந்தாலும் கோப்பை தூக்கி வார்த்தை சொல்கிறவர் அவர்தான். கல்யாணமோ கருமாதியோ, அவர் சொல்லாமல் யாரும் குடிக்க மாட்டார்கள். சோளரொட்டி, வாதுமைக் குழம்பில் கோழி, புதுப் பாலாடைக்கட்டி, பீன்ஸ். வாசனை வேறு ஆளைத் தூக்கியது. செத்தவர்களுக்கான கோப்பை வந்தபோது எல்லோரும் ரொட்டித் துண்டில் ஒயினைச் சொட்டினோம். மக்வாலா எழுந்தாள்.

"அத்தான் இத்தனை வருஷம் எங்க வீட்டுக்காரர் கொடியைக் கண்ணு மாதிரி காப்பாத்தினாரு. அதைப் பத்தி அவரே ஒரு வார்த்தை சொல்லணும்னு கேட்டுக்கறேன்."

மூர்மானுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கொம்புக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். கண்ணீர் தயாராக இருந்தது. "இது கொடி இல்ல. என் தம்பி அம்பாகோவோட கை! இதுமேல இரும்பு வைக்கிறவன் என் தம்பி மேல வைக்கிறான். அப்படி ஒருத்தன் இந்த ஊர்ல எந்த மேஜையிலயும் உக்காரத் தகுதியில்லாதவன். என் தம்பி ஆத்மா மேல சத்தியம்!"

"கை எங்க நீண்டாலுமா அத்தான்?" என்று மக்வாலா பணிவாகக் கேட்டாள்.

"எங்க நீண்டாலும்!"

"கேட்டீங்களாடா? குடிங்க!" என்றார் கார்லோ. எல்லோரும் குடித்தோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு மூர்மான் முற்றத்தில் நுணல் நன்றாகவே கத்தியது. நான் தலையைக் குனிந்துகொண்டு பீன்ஸைத் தின்றேன், சிரிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில்.

இரும்பு என்றுதானே சொன்னான்? விரல் என்று சொல்லவில்லையே. பனி விழுந்து இலையெல்லாம் உதிர்ந்ததும் மக்வாலா வேலையைத் தொடங்கினாள். மனையின் ஓரத்தில் தனியாக நின்ற பழைய சமையல்கட்டு தப்பியிருந்தது. அதில் அடுப்பு மூட்டிக் குடியேறினாள். பகல் முழுக்க வெறுங்கையால் கொடியைப் பிரித்தாள். தூணைச் சுற்றியதை, கைப்பிடியைச் சுற்றியதை, சன்னல் சட்டத்துக்குள் நுழைந்ததை, ஒவ்வொன்றாக, ஒடியாமல். பிரித்ததை மூர்மான் வேலியை நோக்கி நீட்டிப் படுக்க வைப்பாள். கவைக் குச்சியால் தரையோடு அழுத்துவாள். கணு மேல் ஒரு பிடி ஈரமண். வேலிக்கு அடியில் நுழையக்கூடியதை நுழைத்தும் விடுவாள். வாரங்கள் போகப் போக விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தன. நான் பன்றிக் கொழுப்பைத் தடவித் துணி சுற்றி விடுவேன். மறுநாள் மறுபடி போவாள்.

மூர்மான் ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றான். "என்னம்மா பண்றே?"

"அவர் கையைப் பிரிச்சு விடுறேன் அத்தான். பாருங்க, இரும்பு எதுவும் இல்ல."

அவன் சிரித்துக்கொண்டே போனான். இத்தாலி போய் மூளை குழம்பி வந்துவிட்டாள் என்று தெருவில் சொன்னான். நட்டவனுக்கு அது என்ன செய்யும் என்று தெரியும்தான். ஆனால் ஒருத்தி அதை ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிப் போக முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வசந்தத்துக்குள் வீடு வெளியே தெரிந்தது. பாதிக் கூரை போயிருந்தது, தாழ்வாரம் ஒரு பக்கம் தொங்கியது. ஆனாலும் செஸ்ட்நட் பலகைச் சுவர்கள் நின்றன. நாலு மூலைக் கிழங்குகளையும் மரக்கழியாலும் கையாலும் கெல்லி, நானும் அவளும் சாக்கில் இழுத்து, வேலியோரம் குழி பறித்து வைத்தோம். "செத்தவர் கொடியை இடம் மாத்துறோம்" என்று கேட்டவர்களுக்குச் சொன்னோம். ஊர் ஆண்கள் வந்து தாழ்வாரத்துக்கு முட்டுக் கொடுத்து, கூரைக்குத் தகரம் போட்டார்கள். கோடையில் ஊராட்சிக்காரர்கள் வந்தார்கள். மக்வாலா தாழ்வாரத்தில் அவர்களுக்குக் காபி கொடுத்தாள். ஆள் குடியிருக்கும் வீட்டை ஆளில்லாத மனை என்று யாரும் எழுத முடியாது. குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"போதும்டி, வீடு கிடைச்சிருச்சு" என்றேன் நான்.

"வீடு என்னோடது. அது கிடைச்சதுல என்ன அதிசயம்? அவன் இன்னும் வாயைத் திறக்கல."

வேலிக்கு அந்தப் பக்கமோ கொடி குதூகலமாக இருந்தது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ஜாதி அது. ஜூனில் ஹேசல் வரிசைகளுக்குள் புகுந்தது. காலையில் பார்த்த நுனி மாலையில் இன்னொரு கிளையைப் பிடித்திருக்கும். ஜூலையில் கிளைகள் பாரம் தாங்காமல் வளைந்தன, வெயில் படாமல் கொட்டைகள் பிஞ்சிலேயே கறுத்தன. அப்புறம் மாடிப்படி.

ஒரு நாள் காலை மூர்மானின் மனைவி லமாரா வேலிக்கு வந்து கத்தினாள். "மக்வாலா! உன் கொடி என் மாடி ஏறுதுடி!"

"என் கொடியா அக்கா? உங்க கொழுந்தனோட கை. அண்ணன் தோள்மேல போடுறாரு போல."

"விருந்தாளிங்க வந்துட்டு, ரூம்ல பூச்சின்னு ஓடிப் போறாங்கடி!"

"அத்தான்கிட்ட சொல்லுங்க. அவர்தான் அதைக் காப்பாத்தறவரு."

மறுநாள் மூர்மான் வெட்டுக்கத்தியோடு வந்தான். மக்வாலா தாழ்வாரத்தில் நின்று தெருவே கேட்கும்படி குரல் கொடுத்தாள். "அத்தான்! யார் கழுத்துல கத்தி வைக்கிறீங்க?" எதிர்வீட்டிலிருந்து நான் வந்தேன், மேல்வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், கார்லோவும் எட்டிப் பார்த்தார். மூர்மான் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, புல் வெட்ட வந்தேன் என்றான். அப்புறம் நாலு ஆடுகளை வாங்கிக் கட்டினான். "தாராளமா மேயட்டும், ஆட்டுப் பல்லு இரும்பு இல்லையே" என்றாள் மக்வாலா. ஆடுகள் கொடியில் கொஞ்சம் தின்றன, ஹேசல் தளிர்களில் நிறையத் தின்றன. லமாரா ஆடுகளையும் புருஷனையும் ஒரே கட்டையால் விரட்டினாள்.

மாடி வீட்டின் கூரை ஓடுகளை நுனிகள் நெம்பித் தூக்க ஆரம்பித்தபோது மூர்மான் வேலியோரம் வந்து தணிந்த குரலில் பேசினான். "இது தம்பி கொடியா இருக்காதும்மா. பறவை ஏதாவது கொண்டாந்திருக்கும்."

"அப்படியா? அப்ப ஆத்மா மேல நீங்க பண்ணின சத்தியம்?"

"நீதான் பெரிய மனசு பண்ணணும்."

"இது திராட்சை இல்லேன்னா வேற என்ன அத்தான்? எங்கேருந்து வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க. நாலு பேர் முன்னால."

அவன் போய்விட்டான். அன்றிலிருந்து ரொட்டிக் கடைக்குக்கூட வருவதை நிறுத்திக்கொண்டான். எனக்குப் பரிதாபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு துளிகூட இல்லை. அந்த வெளுத்த கட்டையை மடியில் வைத்து அவள் அழுததைப் பார்த்தவள் நான்.

மறுபடி மாதா திருநாள் வந்தது. இந்தத் தடவை விருந்து மக்வாலா முற்றத்தில். வாசனை இப்போது மூர்மான் வீட்டுப் பக்கத்திலிருந்து வீசியது. அவன் மாடியே ஊதாப் பூவாக இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். வராவிட்டால் ஊர் பேசும், அதனால் வந்தார்கள். கார்லோ வழக்கம்போல் எழுந்தார்.

"அம்பாகோவுக்கு! போன வருஷம் தம்பி வீட்டுல இருந்த கை, இந்த வருஷம் அண்ணன் வீட்டைத் தழுவிக்கிட்டு நிக்குது. இந்தக் கை இன்னும் நீளட்டும்!"

எல்லோரும் ரொட்டியில் ஒயினைச் சொட்டினோம். லமாரா தன் கோப்பையை டக்கென்று வைத்தாள். "சொல்லித் தொலைங்க" என்றாள் புருஷனிடம். "கூரையும் போகணுமா?"

மூர்மான் எழுந்தான். இந்தத் தடவை கண்ணீர் இல்லை. முகம் சாம்பலாக இருந்தது. "அது திராட்சை இல்ல" என்றான்.

"என்னடா சொல்றே?" என்றார் கார்லோ.

"ரோட்டோரம் நடுற கொடி, பீன்ஸ் ஜாதி. நான்தான்... நான்தான் கொண்டாந்து வச்சேன். அவ வீட்டுக் கால்ல. வீடு விழுந்தா மனை எனக்கு வரும்னு."

கார்லோ மெதுவாகக் கேட்டார்: "அப்ப நாங்க இத்தனை வருஷம் தொப்பியைக் கழட்டினது பீன்ஸுக்கா?" எங்கோ ஒருவன் புரையேறியது போல் சிரித்தான். அடுத்தவன் சிரித்தான். பிறகு மேஜை முழுக்கச் சிரிப்பு, அதில் ஒரு துளி சந்தோஷம் இல்லை. குரியாவில் கத்தியால் குத்துப்பட்டவன் பிழைப்பான், இப்படி ஒரு சிரிப்புப் பட்டவன் பிழைக்க மாட்டான். சிரிக்காதவர் கார்லோ மட்டும்தான். கோப்பையிலிருந்த ஒயினைத் தரையில் கொட்டினார். "தம்பி ஆத்மா மேல பொய்ச் சத்தியம் பண்ணி, எங்களையும் அதுக்குக் குடிக்க வச்சியே. இனிமே நீ உக்கார்ற மேஜையில நான் கோப்பை தொட மாட்டேன்." விருந்துத் தலைவர் தொடாத மேஜையில் வேறு யார் தொடுவார்கள்? பெண்கள் மூர்மானின் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவன் மக்வாலாவைப் பார்த்தான். "சொல்லிட்டேன். இப்பவாவது வெட்டிக்கலாமா?"

"தாராளமா வெட்டுங்க அத்தான்" என்று அவளே வெட்டுக்கத்தியை எடுத்துக் கொடுத்தாள்.

வெட்டினான். செப்டம்பர் முழுக்க வெட்டினான், வண்டி வண்டியாக எரித்தான். குளிர் வந்தது, எல்லாம் செத்துவிட்டது என்று நினைத்தான். ஏப்ரலில் ஹேசல் வரிசைகளுக்கு நடுவே, கிணற்றோரம், மாடிப்படிக்கு அடியில், மயிரடர்ந்த தளிர்கள் மூன்று மூன்று இலையோடு தலை நீட்டின. அன்றிலிருந்து மண்வெட்டியும் கையுமாகக் குனிந்தே இருக்கிறான். ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்தால் பக்கத்தில் இன்னொன்று முளைக்கிறது. உதவிக்கு ஊரில் யாரும் போவதில்லை.

போன வாரம் நானும் மக்வாலாவும் தாழ்வாரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் மூர்மான் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். தொப்பியைக் கையில் எடுத்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"மக்வாலா. நீ எங்கெங்க புதைச்சேன்னு மட்டும் சொல்லிடும்மா. உன் கால்ல விழறேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன இருந்தாலும் வயசான மனுஷன், சொல்லிவிடுவாளோ என்று தோன்றியது. அவள் கோப்பையைச் சாவகாசமாகக் கீழே வைத்தாள்.

"நீங்க நாலு வச்சீங்க, எண்ணி வச்சீங்க. நான் எண்ணல அத்தான்."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு தோண்டப் போனான்.